கல்யாணக் கார்டில் வந்த ஏலத் தேதி

பிரிக்பீல்ட்ஸ்
6 ஆகஸ்ட் 2025, புதன்

அக்காவுக்கு,

இது கல்யாணக் கார்டு இல்லை. கோபப்படாமல் மேலே படி.

போன வாரம் நான் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். நீ வாங்க மறுத்துவிட்டாய். முத்திரை குத்தி நேற்று எங்கள் ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் நான், எதை அனுப்பினாலும் பதிவுத் தபால்தான் கைக்கு வருகிறது. இந்தத் தடவை கீழே இருக்கிற அச்சகத்தில் தங்க எழுத்துப் போட்ட உறை ஒன்று வாங்கினேன். கல்யாணக் கார்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற தமிழன் கிள்ளானில் இன்னும் பிறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு ஏல அறிவிப்புகள் எங்கள் ஆபீசுக்கு மாதாமாதம் வரும். அதில் பதினாலாவது: பண்டமாரான், ஒற்றை மாடி வரிசை வீடு. கடன் வாங்கியவர் சாந்தமேரி த/பெ அந்தோணி. மூன்று தடவை படித்தேன். அடையாள அட்டை எண்ணையும் பார்த்தேன். உன் எண்தான்.

ஏலம் இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்கு, கிள்ளான் நில அலுவலகத்தில். உனக்கு இது தெரியுமா? யாராவது சொன்னார்களா?

மூன்று வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை. போன கிறிஸ்மஸுக்கு கேக்கை வைத்துக்கொண்டு உன் கேட்டில் அரை மணி நேரம் நின்றேன், நீ வெளியே வரவில்லை. சரி, கோபமாகவே இரு. ஆனால் இருபத்தேழு வரைக்கும் அதைக் கொஞ்சம் ஒத்திப் போடு. அக்கா, இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கிறது!

செபாஸ்டியன்

&nbsp;

பண்டமாரான், கிள்ளான்
8 ஆகஸ்ட், வெள்ளி

செபாஸ்டியனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

உன் உறையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாருக்கோ கல்யாணங்க!" என்று கத்திக்கொண்டே ரேமண்டிடம் ஓடினேன். பிரித்தால் உன் கையெழுத்து. அடுப்பில் இருந்த சம்பால் தீய்ந்து போனது. இப்படியா ஏமாற்றுவாய்?

ஒன்பது மாதம் வீட்டுக்குக் கட்டவில்லை, உண்மைதான். ரேமண்டுக்கு இடுப்பு போனதிலிருந்து லோரி ஓட்ட முடியவில்லை. இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பேக்டரி வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை பார்க்கிறார். சம்பளம் பாதிகூட இல்லை. என் பள்ளிக்கூடக் கேண்டீன் லீவு வந்தால் மூடிக்கிடக்கும். உன்னிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? வீடு வாங்கும்போது ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தவளை, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க வைத்து, "இந்த வீட்ட நீங்க மூணு வருஷம்கூட வச்சிருக்க மாட்டீங்க"ன்னு சொன்னவன் நீதானே? அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு உன் வாசலை மிதிப்பேனா?

நீ கவலைப்பட வேண்டாம். எங்களுக்கு ஆள் இருக்கிறது. பிரதர் மார்வின். பிப்ரவரியிலிருந்து எங்கள் அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வருகிறார். வீட்டு ஜெபத்தில் அவர் பாட ஆரம்பித்தால் அழாதவர் கிடையாது. கடனில் மாட்டிய வீடுகளைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் அவர் வேலையாம். "லெட்டர திறந்தீங்கன்னா நீங்க ஒத்துக்கிட்டதா சட்டம் எடுத்துக்கும் சிஸ்டர். ரெஜிஸ்டர் தபால் வந்தா வாங்காதீங்க. பேங்க்காரன் கூப்பிட்டா போன எடுக்காதீங்க. எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன் லா," என்றார். உன் தபாலும் அப்படித்தான் திரும்பிப் போயிருக்கும், வக்கீல் ஆபீஸ் முத்திரையைப் பார்த்ததும் நான் உள்ளே போய்விட்டேன். கட்டணமாக நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி கொடுத்தோம், இன்னும் மூவாயிரம் பாக்கி. கேஸை நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டார். நீ பார்த்தது பழைய பட்டியலாக இருக்கும்.

பதினாலாவது என்றா சொன்னாய்? அடையாள அட்டை எண் சரியாகப் பார்த்தாயா?

பதில் எழுதுவதாக இருந்தால் என் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியிடம் கொடு. உங்கள் தெருவில்தான் சேலைக் கடையில் வேலை செய்கிறாள், தினமும் கே.டி.எம். ரயிலில் வருகிறாள். போன் பண்ணாதே. நாம் இரண்டு நிமிஷம் ஒழுங்காகப் பேசினால் மூன்றாவது நிமிஷம் கத்துவோம்.

சாந்தமேரி

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட், சனி

அக்கா!

புஷ்பவல்லி அக்கா மதியம் வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் நான் போட்ட சத்தத்தில் என் முதலாளியம்மா, வக்கீல் தனலெட்சுமி, அறையை விட்டு வெளியே வந்து, "யாரு செத்தா செபாஸ்டியன்?" என்று கேட்டார். "இன்னும் யாரும் சாகல மிஸ், ஒருத்தன் கெடைச்சா சாவான்" என்றேன்.

அப்படி ஒரு சட்டமே கிடையாது! தபாலைத் திறந்தாலும் கேஸ் நடக்கும், திறக்காவிட்டாலும் நடக்கும். வாங்க மறுத்தால் கொடுத்ததாகவே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். தபாலை வாங்காதே என்று சொல்கிறவன் உனக்குத் தேதி தெரியக் கூடாது என்று நினைக்கிறவன். பேங்க்கோடு பேசாதே என்று சொல்கிறவன், பேசினால் தன் குட்டு உடைந்துவிடும் என்று பயப்படுகிறவன். இவ்வளவுதான் விஷயம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், என்மேல்தான் கோபமாக இருக்கிறாயே. நீயே பார். சாதாரணத் தபாலில் வந்ததையெல்லாம் எங்கே வைத்திருக்கிறாயோ எடு, பிரி. திங்கள்கிழமை காலையில் பேங்க்குக்குப் போன் போடு. மார்வின் கொடுத்த நம்பருக்கு இல்லை, கடிதத்தில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு. இரண்டே கேள்வி. இருபத்தேழாம் தேதி ஏலம் இருக்கிறதா? எங்கள் சார்பாக யாராவது உங்களிடம் பேசினார்களா?

இன்னொன்று. அவன் நீட்டிய தாள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் நகல் இருக்கிறதா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், கோபத்தில் வரிசை மாறிவிட்டது.

செபா

&nbsp;

பண்டமாரான்
11 ஆகஸ்ட், திங்கள்

தம்பி,

பதினேழு உறை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நானும் ரேமண்டும் நேற்றுப் பூசை முடிந்து வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கடைசி உறையில் நீ சொன்ன தேதி.

இன்று காலை ஒன்பது மணிக்குப் பேங்க்குக்குப் போன் போட்டேன். ஒரு மலாய்ப் பிள்ளை பேசினாள், நல்ல பொறுமைசாலி. ஏலம் இருக்கிறது. எங்களுக்காக யாரும் பேசவில்லை, மார்வின் என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. பிறகு அவள் ஒன்று கேட்டாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஏன் அக்கா போனே எடுக்கல? தவணைய கொறைச்சுத் தர்றதப் பத்திப் பேசத்தான் பிப்ரவரியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்" என்று அவள் மலாயில் கேட்டாள். ஆறு மாதம், செபா! வழி இருந்திருக்கிறது. அந்த வழியைத்தான் நான் காசு கொடுத்து மூடியிருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் இந்தக் கிள்ளானில் உண்டா? ஓவென்று அழுதுவிட்டேன்.

ரேமண்ட் நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை நோண்டினார். "இந்தா, பாரு" என்று நீட்டினார். மார்வின் எங்களிடம் கையெழுத்து வாங்கினானே, அந்த ஐந்து தாளும் படமாக இருக்கிறது! அவன் கை கழுவப் போன நேரத்தில் எடுத்தாராம். எனக்கே தெரியாது. "இருபத்திரெண்டு வருஷம் லோரி ஓட்டினவன்டி நானு. சைன் வச்ச டெலிவரி ஆர்டர போட்டோ புடிக்காம ஒரு கெடங்க விட்டும் நான் வெளிய போனதில்ல" என்றார். கட்டிப்பிடித்துக்கொண்டேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போட்டோஸ்டாட் கடையில் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. கடன் நிறுத்த விண்ணப்பம் என்று சொல்லித்தான் வாங்கினான். என்னவென்று சீக்கிரம் சொல்.

சாந்தா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
12 ஆகஸ்ட், செவ்வாய்

அக்கா,

மச்சானுக்கு ஒரு சல்யூட்! மிஸ் தனலெட்சுமி அந்த ஐந்து தாளையும் படித்துவிட்டு முதலில் கேட்டது, "இத போட்டோ எடுத்த மனுஷன் யாரு? அவருக்கு நான் ஒரு டீ வாங்கித் தரணும்" என்றுதான்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேள். அது விண்ணப்பம் இல்லை. இரண்டு தாள், உங்கள் வீட்டை விற்க அவன் கம்பெனிக்கு முழு அதிகாரம் கொடுக்கிற பத்திரம். மூன்று தாள், விற்பனை ஒப்பந்தம். வாங்குகிறவர் பெயர் காலி, விலை காலி, தேதி காலி. உங்கள் இரண்டு பேர் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கிறது. எந்த ஆள் பெயரையும் எந்த விலையையும் அவன் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

நல்ல செய்தி, அதிகாரப் பத்திரத்தில் சாட்சியாக வக்கீல் கையெழுத்து இல்லை. அதை வைத்துக்கொண்டு இப்போதைக்கு அவன் ஒன்றும் கிழிக்க முடியாது என்கிறார் மிஸ். எல்லாவற்றையும் ரத்து செய்கிற கடிதம் எழுதிவிட்டார், இதோடு இருக்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நாளைக்கே புஷ்பவல்லி அக்காவிடம் கொடுத்தனுப்பு. மிஸ் காசு வாங்க மாட்டாராம்.

பிறகு நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் போடுங்கள், படங்களையும் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பேங்க்கில் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். ஏலம் விடும் நிமிஷம் வரைக்கும் நிறுத்த வழி உண்டு. கடன் ஆலோசனைக்கு ஏ.கே.பி.கே. இருக்கிறது, அங்கே ஒரு காசு கேட்க மாட்டார்கள். இதையெல்லாம் முடிக்கும்வரை மார்வினிடம் வாயைத் திறக்காதே. உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அவன் மறுபடி எப்போது வருவான்?

செபா

&nbsp;

பண்டமாரான்
18 ஆகஸ்ட், திங்கள்

தம்பி செபா,

உட்கார்ந்து படி. நேற்று நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது!

நேற்று அன்பிய ஜெபம் எங்கள் வீட்டில். பன்னிரண்டு குடும்பம். புஷ்பவல்லி இந்துதான், ஆனாலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளும் அடுத்த வாரம் இவனிடம் காசு கட்டுவதாக இருந்தாளாம், அடிப்பாவி, என்னிடம்கூடச் சொல்லவில்லை. மார்வின் வருகிறான் என்று போலீஸில் காலையிலேயே சொல்லி வைத்திருந்தோம். ஜெபமாலை முடிந்தது. பாடினான். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வடையும் டீயும் கொடுக்கும்போது அடுப்படிக்கு வந்து மெதுவாக, "சிஸ்டர், அந்த மீதி மூவாயிரம் ரெடியா?" என்றான். ஐந்து நாள் பல்லைக் கடித்ததெல்லாம் போதும் என்று தோன்றிவிட்டது. "ஹாலுக்கு வாங்க பிரதர், எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்று கூட்டிக்கொண்டு வந்தேன். எல்லார் முன்னாலும் கேட்டேன், "இருபத்தேழாம் தேதி என் வீட்டுக்கு ஏலம் இருக்கா இல்லையா?"

"நிறுத்தியாச்சு சிஸ்டர். ஆண்டவர் சாட்சி."

"ஆண்டவர ஏன்டா இழுக்குற? இது என்னா?" என்று பதினேழு கடிதத்தையும் டீ மேசைமேல் போட்டேன். அவன் கையெழுத்து வாங்கிய தாள்களின் படத்தையும் வைத்தேன். பிரித்துப் பார்க்காதீங்கன்னு சொன்னேனே என்று முணுமுணுத்தான். அவ்வளவுதான், மூலையிலிருந்து சமந்தா எழுந்தாள், போன வருஷம்தான் கணவனை இழந்த பிள்ளை. "எங்கிட்டயும் லெட்டர பிரிக்காதீங்கன்னுதானே சொன்னீங்க? ஆறாயிரம் வாங்கினீங்களே!" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். என் வீட்டு ஹாலில் மட்டும் அவனிடம் ஏமாந்த வீடு மூன்று, செபா!

அவன் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். காருக்குப் பின்னால் ரேமண்டின் சிநேகிதர் ராஜனுடைய லோரி நிற்கிறது. ரேமண்ட் கேட்டில் சாய்ந்துகொண்டு, "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது பிரதர். பேட்டரி வீக்கு லா" என்றார். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் நின்றேன். பத்து நிமிஷத்தில் போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. கேஸ் நடக்குமாம். காசு திரும்பி வருமா என்று கேட்டேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

இப்போது மற்ற விஷயம். வெள்ளிக்கிழமை பேங்க்கில் பேசினோம். நிலுவை முழுவதையும் இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்டினால் ஏலத்தை விலக்கிக்கொள்வார்கள், மாதத் தவணையையும் குறைப்பார்கள். ரேமண்டின் ஈ.பி.எஃப். பணம் வருகிறது. என் சங்கிலியும் இரண்டு வளையலும் போய்விட்டன. அப்படியும் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் குறைகிறது. உன்னிடம் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கணக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

சாந்தா

&nbsp;

பிரிக்பீல்ட்ஸ்
20 ஆகஸ்ட், புதன்

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் உரக்கப் படித்தேன். பேட்டரி வீக்கு என்ற இடத்தில் மிஸ் தனலெட்சுமி சிரித்த சிரிப்பில் கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

இனி எழுதப் போவதை மூன்று வருஷமாக எழுத முடியவில்லை. நாலு காகிதம் கிழித்துவிட்டேன்.

அன்றைக்கு நீ ஜாமீன் கையெழுத்துக் கேட்டபோது என்னால் போட முடியாத நிலை. போட மனமில்லாமல் இல்லை. என் கார் கடனை நான் கட்டாமல் விட்டு, காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விற்றுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னது பொய். பேங்க் பதிவில் என் பேர் கெட்டுக் கிடந்தது. என் கையெழுத்து இருந்தால் உன் விண்ணப்பமும் தள்ளுபடியாகியிருக்கும். வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறவன், ஊருக்கெல்லாம் கடனைப் பற்றிப் புத்தி சொல்கிறவன், அத்தனை பேர் முன்னால் இதை எப்படிச் சொல்வேன்? அதனால் உன்மேல் பாய்ந்தேன். நீ வீட்டை வைத்திருக்க மாட்டாய் என்று சொன்ன ஆள் தன் காரையே வைத்திருக்கத் தெரியாதவன். என்னை மன்னித்துவிடு அக்கா.

இதோடு நாலாயிரம் வெள்ளிக்கு பேங்க் டிராஃப்ட் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கச் சேர்த்தது. என் வீட்டுக்காரி ஷார்மைன்தான் முதலில் சொன்னாள், "மோட்டார் எங்கயும் ஓடிப் போயிடாது, போய் டிராஃப்ட் எடுங்க" என்று. வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. உன் கடன் கணக்கு எண்ணுக்கே எடுத்திருக்கிறேன், வேறு எதற்கும் செல்லாது.

செபா

&nbsp;

பண்டமாரான்
21 ஆகஸ்ட், வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

டிராஃப்ட் வந்தது. பைத்தியக்காரா, இதை அன்றைக்கே என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, ரோட்டில் நின்று தம்பட்டம் அடித்திருப்பேனா? மூன்று கிறிஸ்மஸ் போச்சுடா.

நாளைக் காலை ரேமண்டும் நானும் பேங்க்குக்குப் போகிறோம். ஈ.பி.எஃப். இன்னும் வரவில்லை. திங்களுக்குள் வர வேண்டும். எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள், ஷார்மைனையும் வேண்டச் சொல்.

அக்கா

&nbsp;

பண்டமாரான்
27 ஆகஸ்ட், புதன்

என் செபா,

ஈ.பி.எஃப். பணம் திங்கள்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு வந்தது. மதியம் கட்டிவிட்டோம். பேங்க்கில் கடிதம் கொடுத்தார்கள். நீங்கள் ஏலத்துக்கு வரத் தேவையில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. காதால் கேட்டால்தான் ஆச்சு என்று இன்று காலை எட்டரைக்கே நில அலுவலகத்துக்குப் போய்விட்டோம். நீதிமன்ற வேலையில் உன்னால் வர முடியவில்லை, பரவாயில்லை. வந்திருந்தால் நீ அங்கேயே கத்தியிருப்பாய்.

சின்ன ஹால், நாற்காலியெல்லாம் நிறைந்துவிட்டது. என் பக்கத்தில் ஒரு இளம் ஜோடி, பேர் கிஷன், மலர்விழி. சாலாக் செலாத்தானில் வாடகை ரூமில் இருக்கிறார்களாம், முதல் வீடு தேடுகிறார்கள். அந்தப் பிள்ளை மடியில் டெபாசிட் டிராஃப்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல பிள்ளைகள். எனக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார்கள்.

அதிகாரி வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. ரேமண்ட் என் கையைப் பிடித்த பிடியில் விரல் வலித்தது. பதினாலு. பண்டமாரான். என் பேர். பிறகு மலாயில் ஒரே வார்த்தை, திரும்பப் பெறப்பட்டது. அடுத்து பதினைந்துக்குப் போய்விட்டார். ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. ரேமண்ட் இழுத்து உட்கார வைத்தார்.

பக்கத்தில் மலர்விழியின் முகம் சுருங்கிவிட்டது. "அச்சோ, அதுதான் எங்களுக்குப் புடிச்ச வீடு ஆன்டி. ரெண்டு தடவ போய்ப் பார்த்தோம். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியே கெடந்துச்சு, யாருமே இல்லாத வீடு போலன்னு நெனச்சோம். நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்களா?" என்றாள்.

"இல்லம்மா," என்றேன். "நான் அந்த வீட்லதான் இருக்கேன்."

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. "சோரி ஆன்டி, சோரி" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் ரேமண்ட் டீ வாங்கிக் கொடுத்தார். வேறு வீடு பார்க்கும்போது எதில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முதலில் உன்னிடம் காட்டச் சொல்லி, உன் ஆபீஸ் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். திட்டாதே.

அவள் சொன்னது சரிதான், செபா. பேங்க் ஆள் வந்தால் ஆளில்லாத வீடு என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்று மார்வின் சொன்னதிலிருந்து நான் முன் ஜன்னலைத் திறந்ததே இல்லை. சொந்த வீட்டில் ஆறு மாதம் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அந்த ஜன்னலின் மூன்று கதவையும் தள்ளித் திறந்தேன். ஒன்று துரு ஏறிப் பிடித்துக்கொண்டது, ரேமண்ட் சுத்தியலால் தட்டினார். அந்த ஜன்னலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ரோட்டில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நல்லா பார்க்கட்டும்டா.

அக்கா